நியாயப்பிரமாணம், பாவம், கிருபை: சேரியிலிருந்து ஒரு வாசிப்பு

தேசூரில் நாங்கள் மாலை நேரத்தில் நடத்தும் படிப்பு வட்டத்துக்கு வரும் மாணவி ஒருத்தி, கல்லூரிச் சேர்க்கைக்காக வாங்கிய சாதிச் சான்றிதழை ஒருநாள் எடுத்துவந்து காட்டினாள். அவளுடைய அப்பா கூலிக்குப் பட்டுத் தறி நெய்கிறவர். அதே தெருவில் நான்கு வீடு தள்ளிப் பெரியப்பா வீடு. பெரியப்பா மகனின் சான்றிதழில் 'ஆதிதிராவிடர், பட்டியல் சாதி' என்று இருக்கிறது. இவளுடையதில் ஆதிதிராவிடர் வகுப்பிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர், பிற்படுத்தப்பட்டோர் என்று இருக்கிறது.

"ஒரே தாத்தா, ஒரே தெரு, பொணம் எடுத்துட்டுப் போற வழியும் ஒண்ணுதான். நான் ஞானஸ்நானம் எடுத்ததால என் சாதி போயிடுச்சுன்னு தாலுகா ஆபீஸ்ல சொல்றாங்க. ஊர்ல ஒருத்தரும் அப்படிச் சொல்லலையே அக்கா? சர்ச்சுல கேட்டா கிருபைன்றாங்க, ஆபீஸ்ல கேட்டா சட்டம்ன்றாங்க. ரெண்டும் சேர்ந்து என்னை எங்க நிறுத்துது?"

அவளுக்கு அன்று எங்களால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குள் ஏறக்குறைய இரண்டாயிரம் வருட இறையியலும் எழுபத்தைந்து வருட அரசியல் சட்ட வரலாறும் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடும் முயற்சி.

வாசிக்கும் தோழர்களில் பலர் கிறிஸ்தவர்கள் அல்ல என்பது எங்களுக்குத் தெரியும். பௌத்தர்கள் இருக்கிறீர்கள், கடவுள் மறுப்பாளர்கள் இருக்கிறீர்கள். இருந்தாலும் நியாயப்பிரமாணம், பாவம், கிருபை என்ற மூன்று சொற்களை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். யாரைப் பட்டியல் சாதி என்று அழைக்கலாம், யாரை அழைக்கக் கூடாது என்ற வழக்குகளில் 'கிறிஸ்தவத்தில் சாதி இல்லை' என்ற பிரசங்க வாக்கியமும் ஒரு சாட்சியாக வந்து நிற்கிறது.

பந்தியில் பிறந்த கோட்பாடு

முதலில் சொற்கள். தமிழ் புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் 'நியாயப்பிரமாணம்' என்றும், கத்தோலிக்கரும் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் 'திருச்சட்டம்' என்றும் வருவது மோசே வழியாக யூத மக்களுக்கு வழங்கப்பட்டதாக நம்பப்படும் சட்டம். பாவம் என்பது ஒரு தனிச் செயல் மட்டும் அல்ல. மனிதரைப் பிடித்துவைத்திருக்கும் ஓர் ஆதிக்க சக்தியாகவே பவுல் அதைப் பேசுகிறார். கிருபை (கத்தோலிக்கர் 'அருள்' என்பர்) என்பது தகுதி பார்க்காமல், கூலியாக அல்லாமல், கடவுள் இலவசமாகத் தரும் ஏற்பு.

இந்த மூன்றுக்கும் உள்ள உறவைப் பவுல் இப்படி அமைக்கிறார். சட்டம் பாவத்தை அடையாளம் காட்டும், ஆனால் குணப்படுத்தாது. இது தவறு என்று சட்டம் சொன்ன பிறகுதான் மனிதனுக்குத் தவறு தவறாகத் தெரிகிறது. அதிலிருந்து விடுவிக்கும் வேலையைச் செய்வது கிருபை. அப்படி விடுவிக்கப்பட்டவர் இனித் தன் பிறப்பையோ சடங்குத் தூய்மையையோ காட்டி யாரையும்விடத் தன்னை உயர்த்திக்கொள்ள முடியாது.

இது ஏதோ மடத்தில் உட்கார்ந்து யோசித்த தத்துவம் என்று நினைத்துவிட வேண்டாம். கி.பி. 50-ஐ ஒட்டி எழுதப்பட்ட கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். அந்தியோகியா நகரில் யூத விசுவாசிகளும் யூதரல்லாத விசுவாசிகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பேதுருவும் அந்தப் பந்தியில் இருக்கிறார். எருசலேமில் யாக்கோபைச் சேர்ந்த சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பேதுரு எழுந்து ஒதுங்கிப் போய்விடுகிறார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒதுங்குகிறார்கள். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டிக்கிறார். அந்தக் கண்டனத்தைத் தொடர்ந்துதான், மனிதர் நீதிமானாக்கப்படுவது நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் என்ற வாதம் அந்த நிருபத்தில் விரிகிறது. யூதர், கிரேக்கர், அடிமை, சுயாதீனர், ஆண், பெண் என்ற பிரிவுகள் இனி இல்லை என்று அடுத்த அதிகாரத்தில் எழுதுகிறார்.

யார் யாரோடு சாப்பிடலாம் என்ற கேள்விதான் இந்த வாதத்தைத் தூண்டியது. தனிக் குவளையும் தனிப் பந்தியும் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பகுதியை வைத்து யூத மதத்தையே இழிவாகப் பேசும் கெட்ட பழக்கம் ஐரோப்பியத் திருச்சபைகளில் நெடுங்காலம் இருந்தது. அதன் விளைவுகளை உலகம் பார்த்தது. பவுலும் யூதர், பேதுருவும் யூதர். அது ஒரே குடும்பத்துக்குள் நடந்த சண்டை. எழுந்து போனவரின் தவறுக்கு ஒரு மக்கள் கூட்டத்தைக் குற்றவாளியாக்குவது நம் அரசியலாக இருக்க முடியாது.

'இது சமூக வழக்கம்தான்'

இந்தக் கோட்பாடு தமிழ் நிலத்துக்கு வந்தபோது என்ன ஆனது?

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலி, பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை மதச் சின்னங்கள் அல்ல, சமூக வழக்கங்கள் என்று வாதிட்டார். 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி அதை நிபந்தனைகளோடு ஏற்றார். உயர்சாதியினருக்கு ஒரு வகைத் துறவி, மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று மதுரை மிஷன் பிரிந்து இயங்கியது. 1704-இல் ரோமிலிருந்து அனுப்பப்பட்ட தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். நோயுற்ற பறையர்களின் வீடுகளுக்குள் சென்று திருவருட்சாதனங்கள் வழங்க மறுக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. சாகக் கிடக்கும் ஒருவரின் வீட்டுக்குள் நுழையச் சொல்லி மேலிருந்து ஆணை வரவேண்டியிருந்தது. அந்த ஆணையை எதிர்த்தும் நாற்பது வருடம் வழக்காடினார்கள். 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் முடிவு சொன்ன பிறகும் நடைமுறையில் கிடைத்த தீர்வு, பறையர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்குவதுதான்.

புராட்டஸ்டண்டுகளின் கதை இன்னும் உறுத்தலானது. 'கிருபை மட்டுமே' என்பதை அடித்தளமாகக் கொண்டது மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தம். அந்த லூத்தரன் மரபில் வந்த சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1718-இல் அங்கே புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. அங்கும் சாதிவாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1733-இல் இந்தியர் ஒருவரைப் போதகராக அபிஷேகம் செய்யும் நேரம் வந்தது. ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்தவர், திறமையில் யாருக்கும் குறைந்தவர் அல்லர். பறையர். அவர் கையால் திருவிருந்து வாங்க மற்ற சாதியினர் சம்மதிக்க மாட்டார்கள் என்று அவரை விட்டுவிட்டு, வேளாளரான ஆரோனை அபிஷேகம் செய்தார்கள். ஆரோன் மேல் நமக்குப் புகார் இல்லை. அந்தியோகியாவில் பேதுரு பயந்து எழுந்துபோன அதே பந்தியைத்தான் தரங்கம்பாடியில் மறுபடி பார்க்கிறோம். இந்த முறை கண்டிக்கப் பவுல் இல்லை.

இதற்கு இறையியல் நியாயமும் தயாராக இருந்தது. சாதி ஒரு சிவில் ஏற்பாடு, ஆத்தும இரட்சிப்புக்குச் சம்பந்தமில்லாதது, மெல்ல மெல்லத் தானாகக் கரைந்துவிடும் என்றார்கள். 1820-களில் புதிதாக வந்த மிஷனரிகள் சிலர் தனித்தனியாக உட்காரும் வழக்கத்தை மாற்றச் சொன்னபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1829-இல் சாதியாசாரத்துக்கு ஆதரவாக எழுதினார். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் பெரும் கவிஞர் அவர். அவருடைய கீர்த்தனைகளை நம் சேரிச் சபைகள் இன்றும் பாடுகின்றன.

1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதியைச் சபையில் தாமதமின்றி முழுவதுமாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடு, சாதியை விட்டதற்குச் செயலில் அடையாளம் காட்டாதவருக்குத் திருவிருந்து கிடையாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அந்த அடையாளம் என்ன? பறையர் சமைத்த உணவைச் சேர்ந்து உண்பது. லைப்சிக் லூத்தரன் மிஷன் மட்டும் இதில் சேரவில்லை. சாதியை விட மனமில்லாதவர்கள் பலருக்கு அது புகலிடமாயிற்று.

ஆக, சோதனை மறுபடியும் பந்தியில்தான் வந்து நின்றது. அன்பின் விருந்தில் ஒரு கவளம் விழுங்க மறுத்தவர்கள், இரட்சிப்பை மட்டும் இலவசமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

வட ஆற்காட்டில் யாருடைய பாவம்?

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1853-இல் ஸ்கட்டர் சகோதரர்கள் அமெரிக்க ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே ஆரணி அதன் நிலையங்களில் ஒன்றானது. 1850 தீர்மானத்தின் சூடு ஆறாத காலம் அது. சபையில் சாதிக்கு இடமில்லை என்ற உறுதி அந்த மிஷனுக்கு இருந்தது. சேரிகளிலிருந்து மக்கள் தனி ஆளாக அல்லாமல் குடும்பம் குடும்பமாக, தெருத் தெருவாக வந்தார்கள்.

அப்படி வந்தவர்களிடம் அன்றைய மிஷன்கள் என்ன கேட்டன? சாமி கும்பிடுவதை விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது. செத்த மாட்டின் கறி உண்ணக் கூடாது. திருவிழாவில் பறை அடிக்கக் கூடாது. குடிக்கக் கூடாது.

இந்தப் பட்டியலைச் சமூகவியல் கண்ணோடு பார்ப்போம். செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் பறை அடிப்பதும் சேரி மக்கள் விரும்பித் தேர்ந்த பழக்கங்கள் அல்ல. ஊர் அவர்கள்மேல் சுமத்திய ஊழியங்கள். சுமத்தியவருக்கு அது 'சமூக வழக்கம்' என்று ஆனது. சுமந்தவருக்கு 'பாவம்' என்று ஆனது. படியாளாக இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று பண்ணையாரிடம் சொன்னால் படியளப்பு நிற்கும், வீடு நிற்கும் மனை போகும். அந்த விலையைக் கொடுத்துத்தான் நம் முன்னோர் சபைக்குள் வந்தார்கள். உயர்சாதிக்காரர் தன் சாதியோடு உள்ளே வர எத்தனையோ சபைகள் நூறாண்டுகளுக்கு மேல் பொறுமை காட்டின. நம் ஆட்கள் தங்கள் சாப்பாட்டையும் கூலியையும் மேளத்தையும் வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது.

கிருபை இலவசம் என்பதுதான் கோட்பாடு. தமிழ்நாட்டில் அதற்கான கட்டணத்தை வசூலித்தது நம்மிடம்தான்.

இதைச் சொல்வதால் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடுகிறோம் என்று பொருள் அல்ல. 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் செத்தார்கள். முதலில் செத்தது நிலமற்றவர்கள். நமக்குப் பக்கத்தில் உள்ள சேத்துப்பட்டை மையமாக வைத்துப் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் தராஸ் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கத்தோலிக்கரானார்கள். சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். அப்படி மாறியவர்களைச் சோற்றுக்கு மாறியவர்கள், பிற்காலத்தில் பால்பவுடர் கிறிஸ்தவர்கள் என்று இழித்துப் பேசுவது இன்றும் நிற்கவில்லை.

நாங்கள் திருப்பிக் கேட்கிறோம்: பசியில் சாகும் ஒருவருக்குத் தகுதி பார்க்காமல் கஞ்சி ஊற்றுவதற்குக் கிருபை என்பதைவிடப் பொருத்தமான பெயர் என்ன? அந்தியோகியாவில் சாப்பாடு இறையியலாக இருக்கலாம், சேத்துப்பட்டில் மட்டும் அது கேவலமா? ஊர்க் கிணற்றில் தண்ணீர் மறுத்தவர்களுக்கு, கஞ்சி கொடுத்தவரின் நோக்கத்தை ஆராயும் உரிமை எங்கிருந்து வந்தது?

கஞ்சியோடு பள்ளிக்கூடமும் வந்தது. திண்ணைப் பள்ளியில் நுழைய முடியாத பிள்ளைகள் மிஷன் பள்ளியில் எழுத்துக் கற்றார்கள். ஸ்கட்டர் குடும்பத்துப் பெண்ணான ஐடா 1900-இல் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவப் பணிதான் பிறகு சி.எம்.சி. ஆனது. செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பகுதிகளில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் பறையர்களுக்கு நிலம் வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். கலெக்டர் திரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையும் சேர்ந்து பஞ்சமி நிலத் திட்டத்துக்கு வழி செய்தது. சேரியின் ஏழ்மையைச் சேரியின் பாவமாகப் பார்க்காமல், நிலத்தைப் பிடித்துவைத்திருப்பவரின் அநியாயமாகப் பார்த்த இடங்களில், கிருபை என்ற சொல்லுக்குப் பட்டா எண்ணும் சர்வே எண்ணும் கிடைத்தன.

அரசு எழுதிய மூன்றாம் பத்தி

மாணவியின் சான்றிதழுக்கு வருவோம்.

1936-இல் பிரிட்டிஷ் அரசு பட்டியல் சாதிகளுக்கான ஆணையை வெளியிட்டபோதே, இந்தியக் கிறிஸ்தவர் எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்று எழுதிவிட்டது. ஆண்டவர்கள் கிறிஸ்தவர்கள்தான் என்பதைக் கவனியுங்கள். சுதந்திர இந்தியாவில், அரசியல் சட்டத்தின் 341-ஆம் பிரிவின் கீழ் 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தி இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். 1990-இல் பௌத்தர் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள்.

சொல்லப்படும் காரணம், கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது. சீக்கியமும் பௌத்தமும்கூடத்தான் சாதியை ஏற்பதில்லை. பிரசங்கத்தில் சாதி இல்லாததற்காக அந்த இரு மதத்து தலித்துகளின் உரிமையைப் பறிக்கவில்லை; பறிக்கவும் கூடாது. அப்படியானால் அந்த அளவுகோல் நமக்கு மட்டும் ஏன்?

1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சூசை வழக்கை ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர் சூசை. தெருவோரம் தொழில் செய்யும் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. கிறிஸ்தவர் என்பதால் சூசைக்கு மறுத்தது. அதே சாலை, அதே வெயில், அதே ஊசி. மதம் மாறிய பிறகும் சாதியின் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்று சொல்லி நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது.

இதற்கு ஒரு வருடம் முன்பு, 1984-இல், கைலாஷ் சோன்கர் வழக்கில் இதே நீதிமன்றம் வேறொரு செய்தியைச் சொல்லியிருந்தது. மதம் மாறியவரின் சாதி கிரகணம் பிடித்ததுபோல மறைந்திருக்கும். அவர் பழைய மதத்துக்குத் திரும்பினால் கிரகணம் விலகிச் சாதி மறுபடி உயிர் பெறும் என்றது. தோழர்களே, கிரகணத்தில் சூரியன் அழிவதில்லை. திரும்பிப் போனால் உயிர்பெறும் சாதி, இருக்கும்போது எங்கே போயிருந்தது? கிருபை அதைக் கழுவிவிட்டது என்று சட்டமே நம்பவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராக வாழ்பவர் வேலைக்காக இந்து என்று உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மக்கள் இரண்டு பெயர், இரண்டு பதிவு என்று ஒளிந்து வாழும் நிலைக்குத் தள்ளியது எது என்ற கேள்வி அந்தத் தீர்ப்போடு முடிந்துவிடவில்லை.

இழப்பு இடஒதுக்கீடு மட்டுமல்ல. நமக்கு அருகிலுள்ள வந்தவாசி சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. கிறிஸ்தவ தலித் அங்கே ஓட்டுப் போடலாம், வேட்பாளராக நிற்க முடியாது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு எதிரான குற்றங்களுக்கானது. அண்ணன் இந்து, தம்பி கிறிஸ்தவர். இருவரையும் ஒரே ஆள் சாதி சொல்லி அடித்தால், அண்ணனுக்கு அந்தச் சட்டம் உண்டு, தம்பிக்கு இல்லை. தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவு எந்த மதத்தையும் கேட்கவில்லை. அதைக் காக்க வந்த கூர்மையான சட்டம் மட்டும் கேட்கிறது.

சபைக்குள் கிரகணம் இல்லை

சாதி போய்விட்டது என்பதற்குச் சபையே சாட்சி சொல்ல முடியுமா? திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக, ஒருவரை ஒருவர் பார்க்காதபடி இரண்டு கைகளாகப் பிரித்துக் கோயில் கட்டினார்கள். 1910-இல் கௌசானல் பாதிரியார் அந்தத் தடுப்பை இடித்தபோது வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. பழைய கதை என்பீர்களானால், 2008 மார்ச்சில் எறையூரைப் பாருங்கள். பாகுபாடு தாங்காமல் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராடினார்கள். வன்னியக் கத்தோலிக்கர்கள் அவர்களைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். இரு தரப்பும் ஒரே நற்கருணை வாங்கியவர்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் பிரித்துவைக்கும் சுவரை எதிர்த்து நம் தோழர்கள் போராடினார்கள்.

2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த போப் இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாட்டுக்கு முடிவு கட்டச் சொன்னார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. சூசை வழக்கில் கேட்கப்பட்ட ஆதாரத்தை ஆயர்களே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்துவிட்டார்கள்.

சட்டம் எதற்கு?

இப்போது மூன்று சொற்களையும் சேர்த்துப் பார்ப்போம்.

'கிருபையினால் மீட்கப்பட்டவர்களுக்குச் சட்டம் எதற்கு? சலுகைக்காக மறுபடி சாதியைச் சுமப்பீர்களா?' என்று சபைக்குள் இருக்கும் உயர்சாதியினர் நம்மைக் கேட்கிறார்கள். இதற்குப் பவுலே பதில் சொல்லிவிட்டார். சட்டத்தின் வேலை பாவத்தை அடையாளம் காட்டுவது. அடையாளம் காட்டப்படாத பாவம் வழக்கம் என்ற பெயரில் சௌகரியமாக வாழும். தமிழ்க் கிறிஸ்தவத்தில் நானூறு வருடமாக நடந்திருப்பது அதுதான். மூன்றாம் பத்தியை நீக்கு என்று நாம் கேட்பது நம் மேல் சாதியை ஒட்டிக்கொள்வதற்காக அல்ல. நமக்கு இழைக்கப்படுவது குற்றம் என்று எழுத்தில் பதிவாக வேண்டும் என்பதற்காக. நோயின் பெயரை ஏட்டிலிருந்து அடித்துவிட்டு, நோயாளி குணமானார் என்று சொல்வதற்குக் கிருபை என்று பெயர் வைக்க முடியாது.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் சபைகளில் பாவ அறிக்கை வாராவாரம் நடக்கிறது. நாம் மண்டியிட்டு, குடித்தது, பொய் சொன்னது, ஜெபிக்காமல் தூங்கியது எல்லாம் அறிக்கையிடுகிறோம். கல்லறையில் சுவர் கட்டியதை, பெண் கேட்டு வந்த தலித் பையனைத் திருப்பி அனுப்பியதை, மணமகள் தேவை விளம்பரத்தில் 'கிறிஸ்தவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதியைப் போட்டதை யார் அறிக்கையிடுகிறார்கள்? பாவம் என்று ஒப்புக்கொள்ளாததற்கு மன்னிப்பும் இல்லை என்பது அவர்களுடைய கோட்பாடேதான்.

நம் பக்கத்திலும் ஒரு தயக்கம் இருக்கிறது. அதை மறைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. கிறிஸ்தவ தலித்துகளும் அதற்குள் வந்தால் ஏற்கெனவே மிஷன் பள்ளியில் படித்தவர்கள் முந்திக்கொள்வார்களே என்று இந்து, பௌத்த தலித் இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பட்டியலில் ஆள் சேரும்போது அதற்கேற்ப விழுக்காடும் உயர வேண்டும் என்று இருவரும் சேர்ந்து கேட்பதுதான் எங்கள் பதில். ஒரே பானைச் சோற்றுக்கு அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டால் பானையை வைத்திருப்பவருக்குத்தான் நிம்மதி.

2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடரைப் பட்டியலில் சேர்க்கக் கோரித் தீர்மானம் போட்டது. 2022-இல் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தது. ஆணையத்துக்கு மேல் ஆணையம் வரும்போது ஒரு தலைமுறையின் கல்லூரிக் காலம் கடந்துவிடுகிறது.

அந்த மாணவிக்கு இப்போது நாங்கள் சொல்வது இதுதான். உன்னை நிறுத்தியிருக்கும் இடத்தைப் படைத்தது கடவுளும் அல்ல, உன் ஞானஸ்நானமும் அல்ல. சபை கிருபையைப் பேசிச் சாதியை மறைத்தது. அரசு அந்தப் பேச்சை எடுத்து உன் சான்றிதழில் எழுதியது. இரண்டு இடத்திலும் கேள்வி கேட்க உனக்கு உரிமை உண்டு.

வாசிக்கும் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் ஊர்ச் சபையில் கல்லறை ஒன்றா இரண்டா, சப்பரம் எந்தத் தெருவோடு திரும்புகிறது, பங்குப் பேரவையிலும் சபைக் கமிட்டியிலும் சேரியிலிருந்து எத்தனை பேர், கடைசியாக நடந்த சாதி கடந்த திருமணம் எது என்று விசாரித்து, தேதியோடு எழுதி வையுங்கள். சூசையின் வழக்கில் இல்லை என்று சொல்லப்பட்ட ஆதாரம் அந்த நோட்டில்தான் சேரும். விசாரிக்கப் போகும் வீட்டில் தட்டில் சோறு போட்டுக் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்பதையும் கவனித்து எழுதுங்கள்.

ஜெய்பீம்.